சம்பளம் ஏறினா உரிமைத்தொகை போயிடுமா? ஒரு குட்டிக் கணக்கு!

பொங்கலுக்கு ராஜபாளையம் போயிருந்தப்போ, மதினி அண்ணன்கிட்ட சொன்னதைக் கேட்டு சிரிச்சுட்டேன். ''அந்த சூப்பர்வைசர் வேலை நமக்கு வேணாங்க. என் ஆயிரம் ரூவா போயிடும்!''

அப்புறம் மொபைல்ல கணக்குப் போட்டேன். சிரிப்பு போயிடுச்சு.

2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது வெளியான விதிப்படி, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கணும். அண்ணனுக்கு மில்லில் மாசம் 20,500. வருஷத்துக்கு 2,46,000. புது வேலையில் 21,000-ன்னா 2,52,000. சம்பளத்தில் கூடுவது 6,000, உரிமைத்தொகையில் போவது 12,000. உழைச்சு முன்னேறினா 6,000 நஷ்டம்! வருமானம் ஏற ஏற தொகை கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சா பரவாயில்லை. இங்கே கோட்டைத் தாண்டினா மொத்தமா கட். மதினி சோம்பேறி இல்லை மக்களே, கணக்குத் தெரிஞ்சவங்க.

மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது, சொந்தப் பயன்பாட்டுக்குக் கார் இருக்கக் கூடாதுங்கிறதெல்லாம் தனி.

பெரிய சிக்கல் நிலத்தில்தான். நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள் இருக்கணும். குடும்பம்னா ரேஷன் கார்டில் இருக்கும் எல்லாரும். மாமனார் பெயரில் 6 ஏக்கர் வயல், மருமகளும் அதே கார்டில். அவர் சுயமா சம்பாதிச்ச நிலம்னா, அவர் இருக்கும்வரை மகனுக்கே அதில் உரிமை கிடையாது. ஆனா, மருமகளின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்ய அந்த வயல் போதும்.

உடனே வீட்டில் ஆரம்பிக்கும்... ''எப்படியும் எங்களுக்குத்தானே, இப்பவே எழுதிக் குடுத்துடுங்களேன்!'' பெரியவங்களே, கொஞ்சம் பொறுங்க. தான செட்டில்மென்ட் பதிவு பண்ணிட்டா நினைச்ச நேரத்துக்கு ரத்து பண்ண முடியாது. 2007-ம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் பிரிவு 23 இருக்கு. பராமரிக்கணும்ங்கிற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் கவனிக்கலைன்னா பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அதனால அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்க. ஆயிரம் ரூபாய்க்காக வயலை விட்டுட்டு நிற்காதீங்க.

'பொண்ணுக்குத்தான் நகை போட்டாச்சே'ன்னு மகளைக் கழட்டிவிடுறதும் இந்த அவசரத்தில்தான் நடக்கும். அப்பா உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. பூர்வீகச் சொத்திலும் சம உரிமைன்னு தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தாச்சு.

நிஜமாகவே தனிக்குடித்தனம்னா தனி ரேஷன் கார்டு கேட்கலாம், தப்பில்லை. தகுதி இருந்தும் தள்ளுபடி ஆனா, 30 நாளுக்குள் இ-சேவை மூலம் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு பண்ணலாம்.

அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். சம்பளம் மாசம் ஆயிரத்துக்கு மேல் கூடினா கோட்டைத் தாண்டினாலும் லாபம்தான், பி.எஃப்பும் சேர்ந்து கூடும்னு மதினிகிட்ட கணக்கைக் காட்டினேன்.

ரெண்டு நிமிஷம் யோசிச்சாங்க. ''அப்ப மேனேஜர்கிட்ட 22,000 கேளுங்க!''

அண்ணன் இன்னும் கேட்கலை.