ஈரம் காய்வதற்குள் ஒரு படம்!

பல நூறு அடி உயரமுள்ள பாறைச் சுவர். தரையிலிருந்து ஐம்பது அடி உயரத்தில், பாறை குடைந்தாற்போல் ஒரு மாடம். அதற்குள்ளே இடிந்த பழைய வீடுகள். படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். இடிபாடுகளுக்கு நடுவே எறும்புகள் மாதிரி தெரிகிறதே, அவை மனிதர்கள்!

அமெரிக்காவில் அரிஸோனா பிரதேசத்திலுள்ள 'டி ஷே' பள்ளத்தாக்கில், 1873-ம் ஆண்டு எடுத்த போட்டோ இது. எடுத்தவர் டிமதி ஓஸல்லிவன்.

இவர் அதற்குமுன் உள்நாட்டுப் போரைப் படமெடுத்தவர். 1863-ல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் சிதறிக் கிடந்த பிணங்களை இவருடைய காமிரா கண்டது. போர் ஓய்ந்த பிறகு, மேற்குப் பிரதேசங்களை அளக்கப் புறப்பட்ட அரசாங்கக் கோஷ்டிகளுடன் சேர்ந்துகொண்டார். 1871-ல் லெப்டினென்ட் வீலர் என்ற ராணுவ எஞ்சினீயரின் தலைமையில் கொலராடோ நதியை எதிர்த்துப் படகில் போனபோது, இவருடைய படகுக்குப் பெயரே 'பிக்சர்'தான்!

அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பது லேசான காரியமா? பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டின்மேல் 'கொலோடியன்' என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, அப்படியும் இப்படியும் சாய்த்து, சீராகப் பரவவிட வேண்டும். இருட்டுக் கூடாரத்துக்குள் அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கியெடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கூடாரத்துக்கு ஓடிவந்து கழுவவும் வேண்டும். பாலைவன வெயிலோ நிமிஷத்தில் உலர்த்திவிடும். ஒரு தூசி விழுந்தால் படம் பாழ்!

இத்தனை பாடும் அழகுக்காக அல்ல, அளவுக்காக. பாறை எவ்வளவு பெரிது என்று வாஷிங்டனில் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டாமா? அதற்குத்தான் அந்த எறும்பு மனிதர்கள். நியூ மெக்ஸிகோவில் ஸ்பானியர் செதுக்கிய பழைய கல்வெட்டைப் படமெடுத்தபோது, பக்கத்திலேயே ஓர் அளவுகோலையும் வைத்தார்.

ஆனால் அளவுகோலுக்கு அகப்படாத விஷயமும் உண்டு. படத்தைப் பார்த்தால், ஆதியிலிருந்தே ஆளில்லாத இடம் என்று தோன்றும். அது சரியல்ல. அந்த வீடுகளைக் கட்டியவர்கள் பியூப்ளோ மக்களின் மூதாதையர்; பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் அவர்கள் வெளியேறினார்கள். பின்னர் நவாஹோ மக்கள் அங்கே குடியேறிச் சோளமும் பீச் பழமும் பயிரிட்டார்கள். 1864-ல் அமெரிக்க ராணுவம் வந்தது. பயிர்களைக் கொளுத்தியது, ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தது. குழந்தை குட்டிகளோடு நவாஹோக்களை முந்நூறு மைல் நடத்திக் கொண்டுபோய் அடைத்தது. வழியிலும் முகாமிலும் மாண்டவர்கள் அநேகர். 1868-ல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டு, மிஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள்.

ஓஸல்லிவன் காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்தது, அதற்கு ஐந்தே வருஷம் கழித்து! அதே 1873-ல், தறியில் நெய்துகொண்டிருந்த நவாஹோப் பெண்களையும் அவர் படமெடுத்திருக்கிறார். பாறைப் படத்தைப் பார்ப்பவர்கள் இந்தப் படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1882-ல், நாற்பத்திரண்டாவது வயதில், க்ஷயரோகம் ஓஸல்லிவனைக் கொண்டுபோயிற்று. 1940-களில் ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற புகழ்பெற்ற போட்டோக் கலைஞர், அதே பாறையைக் கிட்டத்தட்ட அதே கோணத்தில் படமெடுத்தார். மாடமும் வீடுகளும் அப்படியே இருந்தன.

இன்று அந்தப் பள்ளத்தாக்கு பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னம். நிலம் நவாஹோக்களுக்கே சொந்தம். அவர்களுடைய குடும்பங்கள் அங்கே இப்போதும் சோளம் விதைக்கின்றன; பீச் மரங்களும் மறுபடி காய்க்கின்றன.