மழை மிகுந்த தீவில் தண்ணீர்ப் பஞ்சம்

சிங்கப்பூரில் ஓர் ஆண்டில் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மழை பெய்கிறது. சென்னை மாநகர் பெறும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். மழைத் தூறலுக்குப் பேர்போன லண்டன் மாநகர் பெறுவதோ 600 மில்லிமீட்டர் அளவுதான். இங்கு ஆண்டில் சுமார் 170 நாள்கள் மழை நாள்களாகவே அமைந்துவிடுகின்றன. அப்படியிருந்தும், 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை, பத்து மாத காலம் இத்தீவில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. குறித்த நேரங்களில் குழாய்கள் அடைக்கப்பட்டன. வாளி, பானை, அண்டா என்று அகப்பட்டதிலெல்லாம் மக்கள் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வானம் இவ்வளவு வழங்கியும் பஞ்சம் வருவானேன்? விடை காண, நம் தீவின் வானத்தையும் மண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும், நேயர்களே.

முதலில் வானத்தைப் பார்ப்போம். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆண்டில் இருமுறை, மார்ச் மாதப் பிற்பகுதியிலும் செப்டம்பர் மாதப் பிற்பகுதியிலும், நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. மற்ற நாள்களிலும் வெகுதூரம் விலகிப் போவதில்லை. ஆகவே பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரமாகவே உள்ளன. மிக வெப்பமான மாதத்திற்கும் மிகக் குளிர்ந்த மாதத்திற்கும் உள்ள வேறுபாடு சராசரியில் இரண்டு டிகிரி அளவே. ஒரே நாளின் பிற்பகலுக்கும் விடியற்காலைக்கும் இடையே இதைப்போல் மூன்று மடங்கு வேறுபாட்டைக் காணலாம்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் பனிப் பருவத்தை எப்படி விளக்குவது? இத்தீவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி செல்சியஸ்தான். மிக அதிகமானது 37 டிகிரி. அது 1983 ஏப்ரலில் தெங்காவிலும், மீண்டும் 2023 மே மாதத்தில் அங் மோ கியோவிலும் பதிவாயிற்று. நம் ஆண்டைப் பிரித்துக் காட்டுவது வெயிலும் குளிரும் அல்ல. காற்று வீசும் திசைதான்.

டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. தமிழ்நாட்டிற்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொடுக்கும் காற்றுக்கும் இதே பெயர்தான். இங்கே அது தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. டிசம்பரில் நாள்கணக்கில் விடாத மழை பெய்து, துவைத்த துணி காயாமல் போவது இதனால்தான். அதே பருவத்தின் பிற்பாதி வறண்டது. பிப்ரவரி மாத மழை, டிசம்பர் மழையில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்கிலிருந்து பாய்ந்து வருவதைச் சுமாத்ரா சூறைக்காற்று என்கிறோம். ஒன்றிரண்டு மணி நேரம் ஆர்ப்பரித்துவிட்டு ஓய்ந்துவிடும்.

இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காற்று அடங்கியிருக்கும். காலை வெயிலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறும். சூடேறிய காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரும். அதன் ஈரமும் மேலே சென்று குளிர்ந்து, கருமேகமாகத் திரண்டு, பிற்பகலில் இடியுடன் கொட்டும். தீபாவளிக்குத் தேக்காவில் சாமான் வாங்கப் போகிறவர்கள் கையில் குடையும் இருப்பதைக் காணலாம். அந்த மழைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. ஜூரோங்கில் வெள்ளமாக ஓடும். அதே நேரத்தில் சாங்கியில் வெயில் காயும்.

புயலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூமியின் சுழற்சி வீசும் காற்றைத் திருப்பிவிடுகிறது. அந்தத் திருப்பம் பூமத்திய ரேகை அருகே மிகக் குறைவு என்பதால் இங்கே புயல் உருவாவது அரிது. அரிதே தவிர, இல்லாமற் போகவில்லை. 2001 டிசம்பர் 27ஆம் நாள் வாமெய் என்ற புயல் ஜோகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கியது.

ஆக, நம் மழை நிறையப் பெய்கிறது; ஆனால் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 1978 டிசம்பர் 2ஆம் நாள் 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டு மழையில் ஏறத்தாழ கால் பங்கு ஒரே நாளில்! அன்று பெரு வெள்ளம் சூழ்ந்தது, உயிர்களும் பலியாயின. அந்த நீர் குடிக்க உதவியதா? பெரும்பகுதி கடலில்தான் போய்க் கலந்தது.

இனி மண்ணுக்கு வருவோம். 1960இல் சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த நிலப்பரப்பு, கடலைத் தூர்த்ததால் இன்று 730ஐத் தாண்டிவிட்டது. இருந்தும் உலக வரைபடத்தில் நாம் ஒரு புள்ளிதான். மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்று கடல் மட்டத்திலிருந்து சுமார் 164 மீட்டர் உயரமே. மிக நீளமான காலாங் ஆறு 10 கிலோமீட்டர் அளவுதான் ஓடுகிறது. காவிரியைப் பார்த்தவர்கள் அதனை ஆறு என்று ஒப்புக்கொள்வார்களோ என்னவோ! மலையில் விழுந்த நீர் பல நாள் ஊர்ந்து சமவெளியை நனைக்கும் நிலை இங்கில்லை. குன்றில் விழுந்த மழை சில மணி நேரத்தில் கடலைச் சேர்ந்துவிடுகிறது. கடலோ ஏற்றத்தின்போது உப்புநீரை ஆற்றுவாய்க்குள் தள்ளுகிறது. தீவின் நடுப்பகுதியில் உள்ள கருங்கற்பாறையிலும் பெருமளவு நீர் தேங்கி நிற்பதில்லை.

தொடக்க காலத்தில் கிணறுகளும் ஊற்றுகளுமே நகர மக்களுக்குக் குடிநீர் தந்தன. மாட்டு வண்டிகளில் நீர் கொண்டுவரப்பட்டதை, சைனாடவுனில் 'தண்ணீர் வண்டி' என்று பொருள்படும் கிரேத்தா ஆயர் என்ற மலாய்ப் பெயர் இன்றும் சொல்கிறது. 1857இல் டான் கிம் செங் என்ற சீன வணிகர், நகருக்கு நல்ல தண்ணீர் கிடைக்க 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். பணிகள் இழுத்துக்கொண்டே போயின. 1864இல் அவர் காலமானார். 1868இல்தான் நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது. அதிலிருந்து நீரை ஊருக்குள் கொண்டுவரும் குழாய்களுக்கு மேலும் சுமார் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று மெக்ரிட்சி என்று நாம் அழைப்பது அந்த நீர்த்தேக்கத்தைத்தான்.

அதன்பின் பியர்ஸ், சிலேத்தார் நீர்த்தேக்கங்கள் வந்தன. அவையும் போதவில்லை. 1927இல் ஜோகூருடன் ஓர் உடன்பாடு செய்து, அங்கிருந்து நீரைக் குழாய் மூலம் கடற்பாலத்தின் வழியே கொண்டுவந்தார்கள். 1942 ஜனவரி 31ஆம் நாள், ஜப்பானியப் படையைத் தடுக்கப் பிரிட்டிஷார் அந்தப் பாலத்தைத் தகர்த்தபோது அந்தக் குழாயும் துண்டிக்கப்பட்டது. அடுத்த இரு வாரங்களில், மக்கள் நெரிசல் மிகுந்த நகரில் குண்டுவீச்சால் எஞ்சிய குழாய்களும் உடைந்தன. பிப்ரவரி 15ஆம் நாள் சரணடைந்ததற்குத் தண்ணீர் தீர்ந்துபோகும் நிலையும் ஒரு காரணம். பின்னர் 1961இலும் 1962இலும் ஜோகூருடன் புதிய உடன்பாடுகள் ஏற்பட்டன. முன்னது 2011இல் முடிந்துவிட்டது. பின்னதன்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நாம் எடுக்கலாம். அது 2061 வரை செல்லும். ஆனால் ஜோகூருக்கு மேலே இருப்பதும் ஏறத்தாழ இதே வானம்தானே! அந்த ஆற்றுக்கு நீர் விடும் லிங்கியு நீர்த்தேக்கம், 2016 அக்டோபரில் தன் கொள்ளளவில் 20 விழுக்காடாக வற்றிப்போயிற்று.

இப்போது நீர்த்தேக்கங்கள் 17. நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை அவற்றை நோக்கித் திருப்பப்படுகிறது. அதாவது, நம் அடுக்குமாடி வீட்டுக் கூரையிலும் வாகன நிறுத்துமிடத்திலும் விழும் மழைத்துளி, லோங்காங் வழியாக ஓடி, சுத்திகரிக்கப்பட்டு, நம் குழாய்க்கே திரும்பி வரக்கூடும். அந்த லோங்காங்கில் குப்பையைப் போடுகிறவர்கள் இதை அறிந்துதான் போடுகிறார்களா, தெரியவில்லை.

1869இலிருந்து உள்ள மழைப் பதிவுகளில் மிக வறண்ட மாதம் 2014 பிப்ரவரி. புல்வெளிகள் காய்ந்து பழுப்பாயின. ஆயினும் குழாய்கள் அடைக்கப்படவில்லை. பயன்படுத்திய நீரைத் தூய்மைப்படுத்திப் பெறும் புதுநீர் 2003இலும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2005இலும் வந்துவிட்டன. இவை வானத்தை நம்பியிருப்பவை அல்ல; மின்சாரத்தை நம்பியிருப்பவை. மழைநீரைவிட இவற்றுக்குச் செலவும் அதிகம்.

வெள்ளத்தையும் பஞ்சத்தையும் ஒருசேரத் தடுக்க எழுந்தது 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு. கடலுக்கும் ஆறுகளுக்கும் நடுவே ஒன்பது எஃகுக் கதவுகள் நிற்கின்றன. மழை கழுவிக் கழுவி உட்புறத்து உப்பு நீங்க, 2010இல் அதுவும் குடிநீர்த் தேக்கமாயிற்று. பெருமழை பெய்யும்போது கடல் வற்றமாக இருந்தால் கதவுகள் இறக்கப்படும். மிகுந்த நீர் தானே வெளியேறும். ஏற்றமாக இருந்தால் கதவைத் திறந்து பயனில்லை, கடல்தான் உள்ளே வரும். அந்நேரம் ஏழு பெரிய பம்புகள் நீரை இறைத்து வெளியே தள்ளுகின்றன. உலகம் வெப்பமடைந்து கடல் மட்டம் உயர உயர, கதவுகளைத் திறக்க முடிகின்ற நேரம் குறையும். பம்புகள் ஓட வேண்டிய நேரம் கூடும்.