புகையிலைப் பழக்கமும் மூளையும்

புகையிலை தீங்கு விளைவிக்கும் என்பதை அறியாதவர் இன்று மிகச் சிலரே. ஆயினும், கட்டின் மேலுள்ள எச்சரிக்கைப் படத்தைப் பார்த்துக்கொண்டே பீடியைப் பற்றவைப்போர் பலர். 2016-17இல் நாடெங்கும் நடைபெற்ற கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உடையோரில் நூற்றுக்கு 28.6 பேர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்தினர். புகைப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் அதனை விட்டுவிட எண்ணியிருந்தனர். எண்ணியும் இயலாமற்போவதற்குக் காரணம் யாது? மனவுறுதி இல்லை என்று கூறிவிடுவது எளிது. மூளையைப் பற்றிய ஆராய்ச்சியோ வேறு விடை தருகிறது.

மூளையின் நரம்பணுக்கள் சில இரசாயனப் பொருள்களின் வாயிலாக ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. அவற்றுள் ஒன்று அசிட்டைல்கோலின். பூட்டில் சாவி பொருந்துவதுபோல, இப்பொருள் நரம்பணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்துகிறது. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் இவ்வேற்பிகளுள் ஒரு வகையில் கள்ளச்சாவிபோல் நுழைந்துவிடுகிறது. புகையுடன் சென்ற நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிகளில் மூளையை எட்டும். மெல்லும் புகையிலையில் அது வாயின் உட்சவ்வு வழியே மெதுவாகச் சேரும்; உடன் கலக்கும் சுண்ணாம்பு அதற்குத் துணைசெய்கிறது. உடனே டோபமைன் என்னும் பொருள் மிகுதியாகச் சுரக்கிறது. பசித்தவன் உண்ணும்போதும் சுரப்பது இதுவே. இச்செயலை மீண்டும் செய்யவேண்டும் என்று மூளை கற்றுக்கொள்கிறது.

நாளடைவில் ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகுகிறது. இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையவே, எரிச்சலும் அமைதியின்மையும் தோன்றுகின்றன. அடுத்த பீடி அவற்றைத் தணிக்கிறது. புகை மனத்திற்கு அமைதி தருகிறது எனப் புகைப்பவர் நம்புகிறார்; உண்மையில், தான் உண்டாக்கிய துன்பத்தையே அது சிறிது நேரம் ஆற்றுகிறது. மேலும், தேநீர்க் கடை, உணவுக்குப் பிந்திய ஓய்வு, நண்பர் கூட்டம் ஆகியவற்றையும் மூளை புகையுடன் பிணைத்துவிடுகிறது. பல மாதங்கள் விட்டிருந்தவரும் அத்தகைய இடத்தில் தடுமாறுவது இதனாலேயே.

இவ்வுண்மை களப்பணியாளருக்குப் பெரிதும் பயன்படும். நோயைக் காட்டி அச்சுறுத்துவதோடு நில்லாமல், வரவிருக்கும் துன்பத்தின் அளவையும் அவர் எடுத்துரைக்கலாம். விட்டபின் முதல் 3 நாட்களே மிகக் கடினமானவை. பெரும்பாலோர்க்கு 2 முதல் 4 வாரங்களில் தொல்லை தணிந்துவிடும். பெருகிய ஏற்பிகளும் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திடீரென எழும் வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். நீர் அருந்துதல், சிறிது நடத்தல், பேச்சுத்துணை ஆகியவற்றால் அதனைக் கடக்கலாம். தேவைப்படின் மருத்துவரின் அறிவுரைப்படி நிக்கோட்டின் பசையை மெல்லலாம். 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம். ஒருமுறை தவறியவரை இகழாது, மீண்டும் முயலச் செய்தல் வேண்டும்.

ஆசிரியர்களின் பொறுப்பு இதனினும் முற்பட்டது. விளைவை ஆராய்ந்து செயலைத் தடுக்கும் மூளையின் முன்பகுதி 20 வயதைக் கடந்த பின்னரும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே, இளமையில் தொடங்கிய பழக்கம் ஆழமாக வேரூன்றுகிறது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்திற்குள் புகையிலை விற்பதையும், 18 வயது நிரம்பாதோர்க்கு விற்பதையும் 2003ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. பள்ளி வாயிலருகே உள்ள கடையைக் கவனிப்பதும் பாடம் கற்பிப்பதைப்போன்றே ஆசிரியர் கடமையாகும். முதற்பீடியைத் தவிர்க்கும் மாணவன், பின்னாளில் விட இயலாத துன்பத்தினின்று காக்கப்படுகிறான்.