வண்டி உதறுதா? செலவு செய்யும் முன் கவனிங்க!



நம்ம செஞ்சிப் பக்கம் வண்டி என்பது சொகுசு இல்லீங்க, பிழைப்பு. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் சவாரி. அறுவடை சமயத்தில் விற்பனைக்கூடத்துக்கு நெல்லும் மல்லாட்டையும் ஏற்றணும். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கும் வண்டி வேணும்.

கடன் வாங்கிப் போட்ட வண்டி, ஆக்சிலேட்டரை மிதித்ததும் கடகடவென்று உதறினால் வயிற்றைக் கலக்கும். "இன்ஜினை இறக்கணும்மா" என்று யாராவது சொல்லிவிட்டால் தூக்கமே வராது. வண்டி நின்றாலும் தவணை நிற்காதே! ஆனால் பல சமயம் கோளாறு ஒரு சின்னப் பொருளில்தான் இருக்கும். வண்டி எப்போது உதறுகிறது என்று கவனித்துச் சொன்னாலே வீண் செலவைத் தவிர்க்கலாம். அதை எப்படிக் கவனிப்பது என்று பார்ப்போம்.

ஏன் உதறுகிறது?

மாருதி ஆம்னியை எடுத்துக்கொள்வோம். 2019-இல் தயாரிப்பு நின்றுவிட்டாலும் இன்னும் ஓடுகிற வண்டி அது. அதன் இன்ஜினில் 3 சிலிண்டர். ஒரே உரலில் மூணு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவது போல அவை வேலை செய்யும். ஒருத்தி கை தவறினால் தாளம் கெட்டுப்போகும் இல்லையா? அதுபோல ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் வண்டி முழுக்க உதறும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள்.

எரிவதற்குக் காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றும் வேணும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அப்போது பலவீனமான பிளக்கில் பொறி தாண்டாது. சும்மா நிற்கும்போது ஒழுங்காக ஓடுகிற வண்டி, இழுக்கும்போது மட்டும் உதறுவது இதனால்தான்.

எப்போது உதறுகிறது?

1. கிளம்பும்போது மட்டும்: முதல் கியரில் கிளட்ச்சை விடும்போது உதறி, முழுக்க விட்டதும் நின்றுவிட்டால் கிளட்ச் தட்டையும் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கையும் பார்க்கச் சொல்லுங்க.

2. குறிப்பிட்ட வேகத்தில்: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் ஸ்டியரிங் ஆடினால் டயர், சக்கர பேலன்ஸ் பக்கம் கோளாறு இருக்கலாம்.

3. அடியில் 'டக் டக்' சத்தத்தோடு: ஆம்னியில் இன்ஜின் முன்னால், இழுப்பது பின் சக்கரம். நடுவில் நீளமான ஷாஃப்ட் ஓடுகிறது. அதன் கிராஸ் தேய்ந்தால் இப்படிச் சத்தம் வரும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஓடும்போது ஷாஃப்ட் கழன்றால் பெரிய ஆபத்து.

4. பாரம் ஏற்றினால், மேடு ஏறினால் திக்கித் திக்கி இழுத்தால்: பிளக், பிளக் ஒயர், பெட்ரோல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இவற்றைப் பாருங்க. மழை நாளில் அதிகமானால் ஒயர் மேல் சந்தேகம் கூடும். ஓடுகிற இன்ஜினில் ஒயரைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், கடுமையான ஷாக் அடிக்கும்.

பிளக் சொல்லும் சேதி

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மெக்கானிக் பிளக்கைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்க. முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, இல்லாவிட்டால் காற்று அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே இறங்குகிறது. அப்போதுதான் இன்ஜின் வேலை பற்றிப் பேசணும்.

இன்னொரு வழியும் உண்டு. சந்தேகப்படும் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல்லுங்க. மிஸ்ஸிங்கும் அந்த சிலிண்டருக்கே போனால் கோளாறு பிளக்கில்தான். ஆம்னிக்கு மூணு பிளக்கும் சேர்த்து சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

கேஸ் பொருத்திய வண்டி என்றால் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்க. உதறல் நின்றால் கேஸ் கிட்டைப் பார்க்கணும். நிற்காவிட்டால் பிளக், ஒயர் பக்கம் போகணும். வீட்டு சமையல் சிலிண்டரை வண்டிக்கு வைப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. அது வேண்டவே வேண்டாம்.

டீசல் லோடு வண்டியில் இந்த பிளக் கிடையாது. 2005-இல் வந்த டாடா ஏஸின் டீசல் இன்ஜினுக்கு 2 சிலிண்டர்தான். அதனால் கொஞ்சம் அதிர்வு அதற்கு இயல்பு. வழக்கத்தைவிட அதிகமாக உதறினால் முதலில் டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்கணும்.

தள்ளிப்போட்டால் நஷ்டம்

இன்ஜெக்ஷன் வண்டியில் மிஸ்ஸிங்கோடு ஓட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்ப் பக்கம் போய் அங்கே எரியும். அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெட்டுப்போகும். அது விலை கூடிய பொருள். சின்ன பிளக்குக்குக் கணக்குப் பார்த்தால் பெரிய செலவில் மாட்டிக்கொள்வோம். இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஓரமாக நிறுத்திடுங்க. இந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் போட்டால் எந்த சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒர்க்ஷாப்பில் கேளுங்க

• எப்போது உதறுகிறது என்று எழுதி எடுத்துப் போங்க.
• ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க.
• கழற்றிய பழைய பொருளையும் பில்லையும் கேட்டு வாங்குங்க.
• இன்ஜினை இறக்கணும் என்றால், அதற்கு முன் கம்ப்ரெஷன் பார்த்தாச்சா என்று கேளுங்க.

குழுக் கணக்குக்குப் பதிவேடு வைப்பது போல வண்டிக்கும் ஒரு நோட்டு போடுவோம். பிளக் மாற்றிய தேதி, கிலோமீட்டர், செலவு மூன்றையும் அதில் எழுதுவோம். ஓட்டுகிறவர் வீட்டுக்காரரோ, தம்பியோ, நாமேயோ, யாராக இருந்தாலும் தவணை கட்டுவது நாம்தானே. கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கு!