காருக்குள்ளே கச்சேரி... வெளியே யானை!

காரில் பாட்டுக் கேட்பவர்கள் ஒரு ரகம். தன் கார் பாட்டை ஊரையே கேட்க வைப்பவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தில் பிறந்து வளர்ந்த நான், சமீபத்தில் கட்சி மாறினேன். எல்லாம் மச்சினனால் வந்த வினை!

புதுக் கார் வாங்கிய கையோடு, "அத்தான், ஒரு பாட்டு கேளுங்க" என்று உட்கார வைத்துவிட்டான். தபேலாக்காரர் என் மடியிலேயே உட்கார்ந்து வாசித்த மாதிரி இருந்தது. திரும்ப வந்து என் பழைய வேகன் ஆரில் அதே பாட்டைப் போட்டேன். தகர டப்பாவில் யாரோ பட்டாணி உருட்டினார்கள்.

இத்தனைக்கும் என் ஸ்டீரியோ செட் வந்த அட்டைப் பெட்டியில் '50 வாட்ஸ் x 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நாலைம்பது இருநூறு. பி.காம். படித்தவனுக்கு இந்தப் பெருக்கல் கூடவா தெரியாது? இருநூறு வாட்ஸ் எங்கே போச்சு?

"அதெல்லாம் பீக் வாட்ஸ் சார்" என்றார் கடைக்காரர். "தம் கட்டி ஒரு செகண்ட் கத்துறது. நாள் பூரா மூச்சு வாங்காமப் பாடுறது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதைத்தான் பாக்கணும்."

மனுஷர் சொன்னது நிஜம். கார் பேட்டரி 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14. அந்த 14 வோல்ட்டை வைத்துக்கொண்டு சாதாரண 4 ஓம் ஸ்பீக்கருக்கு எவ்வளவு தள்ளமுடியும் என்று கணக்குப் போட்டால், காகிதத்திலேயே 25 வாட்ஸ் சுமார்தான் வருகிறது. கரகரப்பு இல்லாமல் கேட்கவேண்டும் என்றால் இருபதுக்கும் கீழே. எந்த கம்பெனி செட்டாக இருந்தாலும் இதுதான் கதி. தனி ஆம்ப்ளிஃபையர் என்ன செய்கிறது? தனக்குள்ளேயே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அந்தப் பன்னிரண்டு வோல்ட்டை உயர்த்திக்கொண்டு பிறகு பெருக்குகிறது. அதனால்தான் அதற்கு பேட்டரியிலிருந்து நேராக, தடியாக ஒரு ஒயர் வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு சூட்சுமம். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது! 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'கொஞ்சம் ஏத்தினாப்ல' இருக்கும், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்கு ஆன மாதிரி காதுக்குத் தோன்ற, வாட்ஸ் பத்து மடங்கு வேண்டும். ஸ்பீக்கர் வாங்கும்போது அதன் 'சென்ஸிட்டிவிட்டி' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 88 போட்ட ஸ்பீக்கரை விட்டு 91 போட்டதை வாங்கினால், ஆம்ப்ளிஃபையரை இரட்டிப்பாக்கிய பலன் பைசா செலவில்லாமல் கிடைத்துவிடும். நம்மில் எத்தனை பேர் அந்த எண்ணைப் பார்க்கிறோம்? ஸ்பீக்கர் வலை மேலே என்ன கலர் என்றுதான் பார்க்கிறோம். நானும் அதைத்தான் பார்த்தேன். சிவப்பு.

முன் கதவுகளில் ஆறரை அங்குல ஸ்பீக்கர், கண்ணாடிப் பக்கத்தில் குட்டி ட்வீட்டர், டிக்கியில் ஒரு சப்வூஃபர் பெட்டி, சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர். பில்லைப் பார்த்த இல்லத்தரசி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"ஏங்க, டயர் மாத்தணும்னு மூணு மாசமா சொல்லிட்டிருந்தீங்களே?"

"டயர் பாடுமா?" என்றேன். அன்றைக்கு ராத்திரி ரசம் மட்டும்தான்.

காருக்குள் பாட்டு என்ற ஆசைக்கு வயசு நூறை நெருங்குகிறது. 1930-ல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர், சகாய விலையில் கார் ரேடியோ செய்து சந்தைக்குக் கொண்டுவந்தார். 'மோட்டார்' என்ற சொல்லோடு 'ஓலா' என்று ஒரு வாலைச் சேர்த்து அவர் அதற்கு வைத்த பெயர்தான் மோட்டரோலா. பிற்பாடு செல்போனில் நாம் பார்த்தோமே, அதே பெயர்! 1980-களின் தொடக்கத்தில், வங்காளத்திலிருந்து அங்கே போன சுதந்திரப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அமர் போஸ், ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து, குறிப்பிட்ட ஒரு காரின் உள்பக்கத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஸ்பீக்கர் அமைப்பு செய்தார். சட்டைக்கு டெய்லர் மாதிரி. என் கார் ரெடிமேட்!

புது செட்டைப் பரீட்சை பார்க்க ஒரு பிரயாணம் வேண்டுமே? இல்லத்தரசியின் சித்தப்பாவுக்கு, அதாவது எனக்கு மாமா, கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறையில் தோட்டம். வாழை, காபி, கொஞ்சம் பீன்ஸ். கிளம்பிவிட்டோம்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஸ்பீக்கரிலிருந்து 'ஙொய்ங்ங்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது.

"பாட்டுக்கு நடுவுல யாரு நாதஸ்வரத்துக்கு சீவாளி சரி பண்றது?" என்றாள்.

சரி, கோடை பண்பலைக்குப் போவோம் என்று 100.5-க்குத் திருப்பினேன். மலை மேலிருந்து ஒலிபரப்புவதால் சமவெளியில் எத்தனையோ மாவட்டத்துக்கு எட்டுகிற நிலையம் அது. ஆனால் பண்பலை அலைக்கு நேர்ப்பார்வை வேண்டும். குறுக்கே ஒரு மலைமடிப்பு வந்தால் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தையும் என் ஆம்ப்ளிஃபையர் விசுவாசமாகப் பெருக்கிக் கொடுத்தது. ஆம்ப்ளிஃபையர் சிக்னலைப் பிடித்துத் தராது சார். வருவது தேனாக இருந்தால் தேனை, தேளாக இருந்தால் தேளைப் பெரிசாக்கும்.

மறுபடி பாட்டு. வால்யூம் ஏற்றம். ஒரு கொண்டை ஊசி வளைவில் பாதி திரும்பியிருப்பேன். இவள் சட்டென்று கையை நீட்டி செட்டை அணைத்தாள். அப்போதுதான் கேட்டது ஹார்ன்! மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்த பஸ் எத்தனை தடவை அடித்ததோ தெரியாது. மூக்கோடு மூக்கு உரசாத குறையாக நின்றோம். டிரைவர் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். செட் அணைந்திருந்ததால் அதுவும் தெளிவாகக் கேட்டது. பத்திரிகையில் எழுத முடியாது.

பேத்துப்பாறையில் இறங்கியதும் மாமா சொன்ன முதல் வார்த்தை: "வாங்க மாப்ளே! நீங்க வர்றது பெருமாள்மலையிலயே கேட்டுச்சு."

சாயங்காலம் மாமாவின் சிநேகிதர் ஒருவர் வந்தார். அந்தப் பக்கத்துத் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் முப்பது வருஷமாக மைக்செட் போட்டவர். காரில் உட்கார்ந்து ரெண்டு நிமிஷம் கேட்டார். அப்புறம் பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

"பேட்டரி பக்கத்துல ஃப்யூஸ் எங்க தம்பி?"

இல்லை. கடையில் போடவே இல்லை.

அவர் முகம் மாறியது. "இந்தத் தடி ஒயர் தகரத்துல உரசிக் கிழிஞ்சா என்ன ஆவும் தெரியுமா? பேட்டரில இருக்கற அத்தனை கரண்டும் இது வழியாத்தான் பாயும். ஒயரே அடுப்பாயிடும். ஆம்ப்ளிஃபையர்ல ஃப்யூஸ் இருக்குன்னு சொல்வாங்க. அது ஆம்ப்ளிஃபையருக்கு. ஒயரைக் காப்பாத்த, பேட்டரியிலேருந்து ஒரு முழத்துக்குள்ள தனியா ஒண்ணு வேணும்."

பழைய டயரில், ஃப்யூஸ் இல்லாத ஒயரோடு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏறியிருக்கிறேன். பாட்டு மட்டும் பிரமாதம்!

மைக்செட்காரர் தன் பெட்டியிலிருந்தே ஃப்யூஸ் எடுத்து மாட்டினார். அப்புறம் 'ஙொய்ங்' வியாதிக்கு வைத்தியம். ஆம்ப்ளிஃபையரின் எர்த் ஒயரைப் பெயின்ட் அடித்த போல்ட்டில் முடுக்கியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று தகரம் தெரியும் இடத்தில் முடுக்கினார். பாட்டு வருகிற மெல்லிசு ஒயரையும் பேட்டரி ஒயரையும் ஒரே பக்கமாக ஜோடி போட்டு இழுத்திருந்தார்கள். ஒன்றை வலது பக்கமும் ஒன்றை இடது பக்கமுமாகப் பிரித்துவிட்டார். நாதஸ்வரக்காரர் எழுந்து போய்விட்டார்.

அடுத்தது 'கெய்ன்' திருகு. அது வால்யூம் அல்லவாம். செட்டிலிருந்து வருகிற சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபையரின் வாய் எவ்வளவு திறக்கவேண்டும் என்று வைப்பது. கடையில் முழுசாகத் திறந்து வைத்திருந்தார்கள். முக்கால் வால்யூமில் கரகரப்பு தொடங்கும் இடம் பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினார்.

"கதவுல ஓட்டை ஓட்டையா இருக்கே, அடைக்கலையா?" என்றார் அடுத்தபடியாக.

அதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. கதவில் ஓட்டை இருந்தால் இந்த இரண்டும் ஒன்றை ஒன்று சந்தித்து, கனமான ஸ்வரங்கள் காணாமல் போகும். எனக்கு உடனே புரிந்தது. டெபிட்டும் கிரெடிட்டும் நேராகி, பாலன்ஸ் சைபர்! ப்ளஸ், மைனஸ் ஒயரை ஒரு பக்க ஸ்பீக்கருக்கு மட்டும் மாற்றிக் கொடுத்தாலும் இதே கூத்துதான். கதவின் உள்தகரத்தில் பிசின் மாதிரி ஒட்டுகிற டாம்பிங் ஷீட்டை ஒட்டி ஓட்டைகளை அடைத்தாலே, பாதிப் பேருக்குப் புது ஸ்பீக்கர் தேவைப்படாதாம். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. சொன்னால் சப்வூஃபரை யார் வாங்குவது?

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். மைக்செட்காரர் போய்விட்டார். வாசலில் காரை நிறுத்தி, நாலு கதவையும் திறந்து வைத்து, மாமாவுக்குக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தேன். தோட்டக் காவலுக்கு இருந்த பளியர் பெரியவர் குடிசையிலிருந்து வேகமாக வந்தார். கையை மட்டும் ஆட்டினார். மாமா காருக்குள் குனிந்து சாவியைத் திருப்பினார்.

நிசப்தம்.

முதலில் சில்வண்டு. அப்புறம் தூரத்தில் ஓடைத் தண்ணி. அப்புறம், வாழைப் பக்கம் 'மொடக்'. ஒரு பெருமூச்சு மாதிரி. மறுபடி 'மொடக்'.

"ஒண்ணு இல்ல. குட்டியோட நிக்குது" என்றார் பெரியவர், குரலே இல்லாமல்.

எங்களுக்கும் அதற்கும் நடுவே நூறடி கூட இருக்காது. எல்லோரும் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினோம். மாமா முதல் காரியமாக போனை எடுத்தார். பக்கத்துத் தோட்டத்துப் பையன் தினமும் அந்த நேரத்துக்குத்தான் அந்தப் பாதையில் பைக்கில் திரும்புவானாம். "கீழயே நில்லுப்பா. வராதே." அப்புறம் வரிசையாக நாலைந்து போன். ஊரே போனில் பேசி ஊரையே உள்ளே வைத்தது. பேத்துப்பாறைப் பக்கம் யானை வருவது புதிசில்லை. அதனால் இது அங்கே பழகிப்போன ஏற்பாடு.

கால் மணி நேரம் முன்னாடியே சத்தம் கேட்டிருக்க வேண்டும் என்றார் பெரியவர். என் சிவப்பு ஸ்பீக்கர்தான் மறைத்துவிட்டது. பையன் கால் மணி முன்னதாகக் கிளம்பியிருந்தால்? மாமா அதைக் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டு தூங்காமல் கிடந்தேன்.

காலையில் பதினாலு வாழை சாய்ந்திருந்தது. மாமா காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பாட்டு வேணாம்னு நான் சொல்லல மாப்ளே. இங்க ராத்திரில காதுதான் வாட்ச்மேன். நீங்க அவனுக்குத் தூக்க மாத்திரை குடுத்துட்டீங்க."

இதில் வேடிக்கை என்னவென்றால், யானையிடம் இல்லாத சப்வூஃபரா? 1984-ல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி, போர்ட்லண்ட் மிருகக்காட்சி சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஒரு அதிர்வை உணர்ந்தார். காதில் எதுவும் விழவில்லை. பதிவு செய்து ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது, மனுஷக் காதுக்கு எட்டாத அடிமட்ட ஸ்வரத்தில் யானைகள் பேசிக்கொள்கின்றன! 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே. பல கிலோமீட்டர் தூரம் போகும் அந்தப் பேச்சு. நான் கடன் வாங்கி டிக்கியில் வைத்த பெட்டி முக்கி முனகித் தொடுகிற ஆழத்தை, குட்டிக்கு 'வாடா கண்ணு' என்று சொல்லவே அது தொட்டுவிடுகிறது. எர்த் ஒயர் கூட வேண்டாம்.

நம் காதுக்கும் ஒரு பட்ஜெட் உண்டு. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கும் என்பது மருத்துவ உலகம் வைத்திருக்கிற கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். மூடிய காருக்குள் நல்ல ஆம்ப்ளிஃபையர் அந்த நூறைச் சர்வ சாதாரணமாகத் தொடும். வத்தலக்குண்டு தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே அன்றைய பட்ஜெட்டை நான் காலி செய்திருக்கிறேன். போன டயரை மாற்றலாம். போன காதுக்கு மாற்று ஏது?

ஆம்ப்ளிஃபையர் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போடுங்கள். அதன் அழகே, குறைந்த சத்தத்திலும் கம்பீரம் குறையாமல் பாடுவதுதான். இருபது வாட்ஸ் செட் முழுத் தொண்டையில் கத்துகிற இடத்தில், நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் சாவகாசமாகப் பேசும். அதைக் கத்த வைத்தால் காசு கொடுத்ததே வீண்.

திரும்பி இறங்கும்போது வால்யூமைப் பாதிக்கும் கீழே வைத்தேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். ஒவ்வொரு வளைவிலும், ஏறி வருகிற வண்டியின் ஹார்ன் முன்கூட்டியே கேட்டது. ஒதுங்கி வழிவிட்டேன். பாட்டில் தம்புரா இழைவது முதல் தடவையாகக் காதில் விழுந்தது.

"இப்பதாங்க பாட்டு நல்லா இருக்கு" என்றாள் இல்லத்தரசி. "என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தல. குறைச்சேன்."

கொஞ்ச தூரம் போனதும் பக்கத்து சீட்டிலிருந்து மெதுவாக ஒரு குரல்: "அப்ப, டயர் எப்ப மாத்தப் போறீங்க?"

வால்யூம் குறைவாக இருந்ததால், அதுவும் துல்லியமாகக் கேட்டுத் தொலைத்தது!