கரும்புச் சோகையும் தேயிலை உலையும்

நானுஓயாவைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில், கொழுந்தை வாட்டுவதற்கும் நொதித்த இலையை உலர்த்துவதற்கும் வேண்டிய உஷ்ணத்தின் பெரும்பகுதியை விறகே தந்துவருகிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு எரிகிறதென்றால், ஆண்டு முழுதும் அணையாத அந்த உலைகளுக்காக எத்தனை மரங்கள் சாய வேண்டுமென்பதை எண்ணிப் பார்க்கலாம். இவ்வளவு விறகுப் பஞ்சமுள்ள நாட்டில், இதே மலையிலிருந்து தென்கிழக்கே இறங்கினால் எதிர்ப்படும் மொனராகலைப் பிரதேசத்தில், பெல்வத்தை, செவனகலை ஆலைகளுக்காக விளையும் கரும்பின் சோகையைப் பற்றி நாம் சிந்திக்காமலிருப்பது பெரிய நஷ்டமே.

ஒரு டன் கரும்பிலிருந்து, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், சுமார் 140 கிலோ சக்கை கிடைக்கிறது. ஏறத்தாழ அதே அளவு சோகையும் கொழுந்தாடையும் வயலில் விழுகின்றன. சக்கை கரும்போடு தானே ஆலைக்கு வந்து சேர்வதால், பாதிக்குப் பாதி ஈரமாயிருந்தும் கொதிகலனில் எரிக்கப்படுகிறது. வெயிலில் காய்ந்து 10, 15 சதவீத ஈரமே எஞ்சியுள்ள சோகையோ, அதைவிட நல்ல எரிபொருளாயிருந்தும், பல நாடுகளில் வயலிலேயே தீக்கு இரையாகிறது. காரணம் அதன் சக்திக் குறைவன்று, கனக் குறைவே. உதிரியாக அள்ளினால் ஒரு கன மீட்டரில் 30 கிலோ அளவே அடங்கும். 40 கன மீட்டர் கொள்ளும் லாரியில் ஏற்றினாலும் ஒரு டன்னுக்குச் சற்று அதிகமாகவே போகும். அதையே இறுக்கிக் கட்டினால் கன மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் ஏறும். அதே லாரி ஆறு டன் சுமக்கும்.

கட்டும் முறை எளியதாகத் தோன்றினும் நிதானம் வேண்டுவது. வெட்டு முடிந்ததும் சில நாட்கள் காயவிட்டு, வரிசை வரிசையாக வாரி ஒதுக்கிய பின்னரே, பேலர் யந்திரம் அவற்றை அள்ளித் தன் அறையில் அழுத்திக் கயிற்றால் பிணைக்கிறது. ஈரத்தோடு கட்டினால் உள்ளே புழுங்கி மக்கும். வாரும் பற்கள் தாழ்ந்தால் மண்ணும் கட்டுக்குள் புகுந்து சாம்பலைப் பெருக்கும். பச்சையான கொழுந்தாடையில் பொட்டாசியமும் குளோரினும் மிகுதியாதலால், அவை உலைக்குள் உருகிப் படிந்து குழாய்களை அரிக்கவும் கூடும். பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலம் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் கரும்பு வயலுக்குத் தீயிடுவதைப் படிப்படியாக ஒழிக்கத் தொடங்கிய பின், இந்த இடர்ப்பாடுகளையெல்லாம் அங்குள்ளோர் ஒவ்வொன்றாக எதிர்கொள்ள நேர்ந்தது.

எனினும் சோகை முழுவதையும் வாரிவிடலாகாது. ஈரத்தைக் காத்துக் களையை அடக்கி மண்ணுக்கு உரமாகும் பொருட்டு ஏறக்குறைய பாதியையேனும் வயலில் விடுவது நலம். கவ்வாத்து வெட்டிய மிலாறு மண்ணுக்கும் வேண்டும், லயத்து அடுப்புக்கும் வேண்டும் என்ற இழுபறியை நாளும் காணும் நம் தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீதிப் பாதியையும் மலையேற்றி இங்கே கொண்டுவருவது வீண் செலவு என்பதே என் அபிப்பிராயம். அரைவைக் காலம் கழிந்து சக்கை தீர்ந்த மாதங்களில், அந்த ஆலைகளின் கொதிகலன்களிலேயே அது எரிந்து மின்சாரமாகட்டும். கம்பி வழியே வரும் சக்திக்கு மலையேற லாரி வேண்டாம்.