சக்கை போனது, மரச்சீனி வந்தது

பிரேசில் என்ற பெயர் ஒரு மரத்திலிருந்து வந்தது. குமரி மாவட்டத்துச் சாப்பாட்டுக் கடைகளில் வெந்நீரைச் சிவக்கவைக்கும் பதிமுகத்துக்கு அது நெருங்கிய உறவு. பதிமுகக் கட்டை தரும் சிவப்புச் சாயம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்குள்ள சாயக்காரர்கள் அந்தக் கட்டையை 'பிரசில்' என்றார்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் அமெரிக்கக் கரையில் அதே சாயம் தரும் வேறொரு மரத்தைப் போர்ச்சுகீசியர் கண்டபோது, தெரிந்த பெயரையே அதற்கும் வைத்தார்கள். அரசாங்கம் அந்தக் கரைக்குத் 'திருச்சிலுவை நாடு' என்று பெயரிட்டிருந்தது. மரம் வெட்டப் போனவர்களின் வாயில் அது நிற்கவில்லை. மரத்தின் பெயரே நாட்டின் பெயராயிற்று.

அந்தக் கரையைப் போர்ச்சுகீசியர் அடைந்ததும் இந்தியாவுக்கு வரும் வழியில்தான். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டைக் கண்டு திரும்பிய மறு ஆண்டு, 1500 மார்ச் 9 அன்று, பெட்ரோ ஆல்வாரிஸ் கப்ரால் 13 கப்பல்களோடு லிஸ்பனிலிருந்து புறப்பட்டார். சாதகமான காற்றைப் பிடிக்க மேற்கே வெகுதூரம் விலகி ஓடியதில் ஏப்ரல் 22 அன்று ஒரு மலை தெரிந்தது. இன்றைய பாஹியா மாநிலக் கரை அது. பத்து நாள் போலத் தங்கி, செய்தி சொல்ல ஒரு கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டு, மற்றவை கிழக்கே கிளம்பின. ஆப்பிரிக்காவின் தென்முனையருகே நான்கு கப்பல்கள் புயலில் போயின. மிஞ்சியவை செப்டம்பரில் கோழிக்கோட்டிலும் டிசம்பரில் கொச்சியிலும் நின்றன. பிரேசிலும் மலையாளக் கரையும் அந்த வகையில் ஒரே பயணத்தின் இரண்டு துறைகள். பின்னாளில் லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வந்த கப்பல்களில் சில பாஹியாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போயின. விதையும் கிழங்கும் கம்பும் இடம் மாறியதற்கு இந்தப் போக்குவரத்து ஒரு முக்கியக் காரணம்.

பிரேசில் மிகப் பெரிய நாடு. பரப்பு ஏறத்தாழ 85 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல இரண்டரை மடங்கு. 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 20 கோடியே 30 லட்சம். தலைநகரம் இரண்டு முறை மாறியது: 1549 முதல் சால்வடோர், 1763 முதல் ரியோ டி ஜெனிரோ, 1960 ஏப்ரல் 21 முதல் உள்நாட்டு மேட்டுநிலத்தில் புதிதாகக் கட்டிய பிரசிலியா. 1822 செப்டம்பர் 7 அன்று விடுதலை அறிவித்தவர் போர்ச்சுகல் மன்னரின் மகன் பெட்ரோவே. விடுதலை எல்லோருக்கும் வரவில்லை. கரும்புத் தோட்டங்களுக்கும் தங்கச் சுரங்கங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து ஏறக்குறைய 48 லட்சம் பேர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். வேறெந்த நாட்டுக்கும் இத்தனை பேர் கொண்டுபோகப்படவில்லை. அடிமை முறை ஒழிந்தது 1888 மே 13 அன்று. அமெரிக்கக் கண்டங்களில் அதைக் கடைசியாகக் கைவிட்ட நாடு பிரேசில். அந்த மக்களின் உழைப்பையும் தாளத்தையும் விட்டுவிட்டு அந்த நாட்டின் உணவையோ இசையையோ பேச முடியாது.

குமரி மாவட்டத்துக்கு வந்த பிரேசில் மரங்களில் மூத்தது கொல்லாமரம் என்னும் முந்திரி. வடகிழக்கு பிரேசிலின் கடற்கரை மணலில் தானாக முளைப்பது அது. பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியர் அதை மேற்குக் கரையில் நட்டுவிட்டார்கள். மண்ணரிப்பைத் தடுக்கவே முதலில் நட்டார்கள் என்பது பரவலான கருத்து. பறங்கியர் கொண்டுவந்த மரம் என்பதால் மலையாளத்தில் 'பறங்கிமாவு' என்ற பெயரும் உண்டு. துப்பி மொழி பேசிய பழங்குடிகள் அதை 'அகாஜு' என்றார்கள். போர்ச்சுகீசியரின் 'கஜு' அதிலிருந்து வந்தது. வட இந்தியர் சொல்லும் 'காஜு' அதுவே.

இரண்டு நாட்டாரும் இந்த மரத்தில் தேடுவது வேறு வேறு. பிரேசிலில் பழத்துக்கு மதிப்பு அதிகம். அதைப் பிழிந்து சாறாகக் குடிக்கிறார்கள், வடிகட்டிக் காய்ச்சி 'கஜுயினா' என்ற தெளிந்த பானமாகப் புட்டியில் அடைக்கிறார்கள். குமரியில் பழத்தைப் பிள்ளைகள் உப்புத் தொட்டுத் தின்பதோடு சரி. மதிப்பெல்லாம் அண்டிக்கு, அதாவது கொட்டைக்கு. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் முந்திரி ஆலைக்கு ஊரார் வைத்த பெயர் 'அண்டி ஆபீஸ்'. வறுத்த அண்டியைத் தல்லி உடைப்பது, பருப்பின் தோலை உரிப்பது, முழுசையும் உடைசலையும் தரம் பிரிப்பது என எல்லாப் படியிலும் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரிக்கும். பல ஆண்டு தல்லியவர்களின் விரல்களில் அந்தக் கறையும் காயமும் தெரியும். உள்ளூர் விளைச்சல் ஆலைகளுக்குப் போதாமல் கப்பலில் வரும் ஆப்பிரிக்க அண்டியில், ஒருகாலத்தில் போர்ச்சுகல் ஆண்ட மொசாம்பிக்கும் கினி-பிசாவும் அனுப்புவது கணிசம். அங்கும் மரத்தைக் கொண்டுபோனவர்கள் போர்ச்சுகீசியர்தாம். பிரேசிலின் நத்தால் நகருக்கு அருகே பிராங்கி என்னும் ஊரில் ஒற்றைக் கொல்லாமரம் ஒன்று, தரையைத் தொட்ட கிளைகளெல்லாம் வேரூன்றி, சுமார் இரண்டு ஏக்கருக்குப் படர்ந்து நிற்கிறது.

மரவள்ளி என்று பிற ஊர்கள் சொல்லும் மரச்சீனியின் பிறப்பிடம் அமேசான் படுகையின் தென்மேற்கு விளிம்பு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள மக்கள் அதைப் பயிராக்கியிருந்தார்கள். மானி என்ற சிறுமி இறந்துபோனாள், அவளைக் குடிசைக்குள்ளேயே புதைத்தார்கள், அந்த இடத்தில் முளைத்த செடியின் கிழங்கு ஊரின் பசி தீர்த்தது என்று பிரேசிலில் ஒரு கதை வழங்குகிறது. 'ஓக்கா' என்றால் வீடு. மானியின் வீடு 'மாந்தியோக்கா' ஆயிற்று என்பார்கள்.

கதையைவிட வியப்பானது அந்த மக்களின் அறிவு. மரச்சீனியில் சயனைடு நஞ்சு உண்டு. கசப்பு வகைகளை அப்படியே தின்றால் உயிர் போகும். அவர்கள் கிழங்கைத் துருவி, 'திப்பிச்சி' என்ற நீண்ட பின்னல் குழாயில் திணித்து, தொங்கவிட்டு இழுத்தார்கள். குழாய் நீள நீளச் சுருங்கிச் சாறு வடியும். மிஞ்சிய மாவை வறுத்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வடிந்த சாற்றையும் வீணாக்கவில்லை. அடியில் படிந்த மாவை எடுத்துக்கொண்டு, மேலே நின்றதை நெடுநேரம் கொதிக்கவைத்துக் குழம்புக்கு வைத்துக்கொண்டார்கள். ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத காலத்தில் இவ்வளவையும் கண்டுபிடித்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. குமரி மாவட்டத்து அடுக்களையில் மரச்சீனி வெந்ததும் அந்தத் தண்ணீரை ஊற்றிவிடும் வழக்கமும் இதே எச்சரிக்கையின் எளிய வடிவம்.

திருவிதாங்கூரில் மரச்சீனி பரவியதற்கு 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா காட்டிய அக்கறை பெரிய காரணம். இன்றைய குமரி மாவட்டம் அப்போது அந்த அரசின் தென்கோடி. நாஞ்சில் நாட்டு வயல்களில், அதாவது தோவாளை, அகத்தீஸ்வரம் பக்கத்தில், நெல் விளைந்தது. சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம் என்றே அதைச் சொன்னார்கள். ஆனால் கல்குளம், விளவங்கோடு மேட்டு விளைகளில் நெல்லுக்கு வழியில்லை. அங்கே கம்பை ஊன்றினால் எட்டு பத்து மாதத்தில் கிழங்கு தரும் பயிர் ஏழை வீடுகளைத் தாங்கியது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூரில் லட்சக்கணக்கானோர் உயிர் பிழைத்தது மரச்சீனியால்தான். பஞ்சத்துக்கு உண்ட கிழங்கு இன்று சாளைக் குழம்போடும் காந்தாரி மிளகாய்த் துவையலோடும் விரும்பித் தேடும் உணவு. பிரேசிலில் அதே கிழங்கின் வறுத்த மாவு பீன்ஸ் குழம்பின் மேல் தூவப்படுகிறது. அதன் நனைந்த மாவைத் தோசைபோலச் சுட்டால் அதற்குப் பெயர் 'தப்பியோக்கா'. ஆங்கிலம் வழியாகத் தமிழ்நாடு அறிந்த அந்தச் சொல்லும் துப்பி மொழியினது.

ரப்பரின் கதையில் பிரேசிலுக்கு இழப்பே மிச்சம். அமேசான் காட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்ற மரங்களில் பால் எடுத்து, புகையில் காட்டி உருண்டையாக்கினார்கள். உலகச் சந்தை அந்த உருண்டைகளுக்குக் கொட்டிக் கொடுத்தது. காட்டு நடுவே மனவுஸ் நகரில் 1896இன் கடைசி நாளன்று திறந்த இசையரங்கம் அந்தப் பணத்தின் அடையாளம். ஆனால் அதற்கு இருபது ஆண்டு முன்பே முடிவு தொடங்கிவிட்டது. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்தைத் தொடவில்லை. அவற்றில் ஏறக்குறைய 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்தன. 1913 வாக்கில் ஆசியத் தோட்டங்களின் ரப்பர் பிரேசிலின் ரப்பரை மிஞ்சியது, மனவுஸ் சரிந்தது.

சொந்த மண்ணில் தோட்டம் வைக்க முடியாததற்கு ஓர் இலைக்கருகல் நோய் காரணம். மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் காட்டில் அந்தப் பூஞ்சை பெரிய சேதம் செய்யாது. நெருக்கி நட்டால் தோட்டம் முழுவதையும் மொட்டையாக்கிவிடும். 1928இல் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு அமேசானில் ஒரு நகரமே கட்டித் தோட்டம் போட்டுத் தோற்றார். ஆசியாவுக்கு அந்த நோய் இதுவரை வரவில்லை. பெரிய காடுகளின் சொந்தக்கார நாடு தன் மரத்தின் பாலை இன்று இறக்குமதி செய்கிறது.

இருபருவ மழையும் வெப்பமும் உள்ள குமரியின் மலையடிவாரம் ரப்பருக்குப் பொருந்தியது. தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பங்கு இங்கே விளைகிறது. விடியுமுன் தலைவிளக்கோடு போய்ப் பட்டையைச் சாய்வாக வெட்டி, சிரட்டையில் சொட்டும் பாலைச் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்குகிறார்கள். வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியதும் வீணில்லை. அது ஒட்டுப்பால், அதற்கும் விலையுண்டு. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு பகுதிகளின் அரசு ரப்பர் தோட்டங்களை 1984 முதல் அரசு ரப்பர் கழகம் நடத்துகிறது. அங்கே பால் வெட்டக் குடியேற்றப்பட்டவர்கள், 1964 சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள். இந்திய ரப்பருக்கும் வழி இலங்கைதான். மரம் போன வழியே அந்த மக்களும் வந்து, அந்த மரத்தடியிலேயே வாழ்வைத் தொடங்கினார்கள். பிரேசிலின் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கும் நெடிய துயர வரலாறு உண்டு. காட்டை அழிக்கும் பண்ணையாளர்களை எதிர்த்து அவர்களைத் திரட்டிய சிக்கோ மெண்டிஸ் 1988 டிசம்பர் 22 அன்று ஷப்பூரியில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மொழியிலும் உறவு உண்டு. நாகர்கோவில் வீட்டுச் 'சாவி'யை ரியோவில் 'ஷாவி' என்பார்கள். ஜன்னல் அங்கே 'ஜனெலா', மேசை 'மேஸா'. 'அன்னாசி' துப்பி மொழியின் 'நனா' போர்ச்சுகீசு வழியாகத் தமிழுக்கு வந்த உருவம். சமயத்திலும் அப்படியே. குமரிக் கடற்கரையில் 1544இல் சவேரியார் மீனவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவருடைய இயேசு சபையின் குருக்கள் 1549இல் பாஹியாவில் இறங்கினார்கள். சபையின் ஹென்றிக்கஸ் தமிழ் கற்று 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். பிரேசிலில் அதே சபையின் ஆன்ஷியேட்டா துப்பி கற்று எழுதிய இலக்கண நூல் 1595இல் அச்சேறியது. ரியோவின் புகழ்பெற்ற கார்னிவல், விபூதிப் புதனுக்கு முந்திய நாட்களின் கொண்டாட்டமே. தவக்காலம் நோற்கும் கடற்கரை ஊர்களுக்கு அந்த நாட்கணக்கு புதிதில்லை.

தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை போன்ற குமரிக் கடற்கரை ஊர்களுக்குப் பிரேசிலை நெருக்கமாக்கியது கால்பந்து. இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். 1958, 1962, 1970, 1994, 2002 என ஐந்து முறை உலகக் கோப்பை வென்ற நாடு பிரேசில். ஆனால் தொடக்கத்தில் அங்கே அது வெள்ளைக்கார மேட்டுக்குடியின் ஆட்டம். 1923இல் ரியோவின் வாஸ்கோ ட காமா மன்றம் கறுப்பினத்தவரையும் தொழிலாளிகளையும் கொண்டு நகரப் போட்டியின் கோப்பையை வென்றது. மறு ஆண்டு, அவர்களில் பன்னிரண்டு பேரை நீக்கினால் தங்கள் சங்கத்தில் சேர்த்துக்கொள்கிறோம் என்றன பெரிய மன்றங்கள். வாஸ்கோ மறுத்துவிட்டது. பெலே பிறப்பதற்கு முன் நடந்த இந்த மறுப்பு அந்நாட்டுக் கால்பந்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று.

இங்கிருந்து போனவையும் உண்டு. நெல்லூர்ப் பெயரைத் தாங்கிய 'நெலோரே' மாடுகள் பிரேசிலின் மேய்ச்சல் நிலங்களில் கோடிக்கணக்கில் நிற்கின்றன. அவை ஆந்திரத்தின் ஓங்கோல் இனம். மாமரம் 'மங்கா' என்ற பெயரோடு போனது. பலாவுக்குக் குமரியும் கேரளமும் சொல்லும் 'சக்கை', பிரேசிலில் 'ஜாக்கா'. ரியோ நகரை ஒட்டிய திஜூக்கா காட்டில் அது மிதமிஞ்சிப் பெருகி, உள்ளூர் மரங்களை நெருக்கும் களையாகிவிட்டது. வனத்துறையினர் அதைக் கட்டுப்படுத்தப் பாடுபடுகிறார்கள். காட்டுச் சிற்றுயிர்கள் சுளையைத் தின்று கொட்டையைப் பரப்புவதால் அது எளிதாக இல்லை. நெடுங்காலம் பழமாக மட்டுமே தின்ற அந்நாட்டில், இறைச்சி உண்ணாதோர் அண்மையில் பிஞ்சுச் சக்கையை வேகவைத்து, இழை இழையாகப் பிய்த்து, வெங்காயமும் பூண்டும் சேர்த்து வதக்கிப் பலகாரத்துக்குள் வைக்கிறார்கள். குமரியில் தேங்காய் சேர்த்துத் தாளிக்கும் இடிச்சக்கைத் துவரனுக்கு அது வெகு தூரமில்லை.